மூச்சு இருபது

அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்திடுங்க மேடம். முழுசா. ஆங், போதும். எதுல விட்டேன்? ஏழாவது கேள்வி. மலம், ரத்தம், வாந்தி பார்க்கும்போது அருவருப்பு குறைவா, நடுத்தரமா, அதிகமா. இதை எழுதினவங்க ஒரு நாளாவது வார்டுல நின்னிருப்பாங்களா? ஓ, நீங்க எழுதினதுதானா. சரி, கோவிச்சுக்காதீங்க.

நர்சிங் படிக்க வந்து மூணு வருஷமா பெட்பேன் எடுக்கிறேன். அது கழுவினா போயிடும். எங்க அத்தைக்குத்தான் இன்னும் போகலை. நான் பரிமாறினா பசியில்லைம்பாங்க, நான் அந்தப் பக்கம் போனதும் தானே போட்டுச் சாப்பிடுவாங்க. முட்டி வலிச்சா மட்டும் என் கை சுத்தமாயிடும். இதுக்கு உங்க ஃபாரத்துல கட்டம் இருக்கா?

எனக்குக் குமட்டுறது வேற. காலையில ஏழரைக்கு வரிசையில நிக்கணும். இஸ்திரி மேடம் வருவாங்க. எங்க டீச்சர்தான், நாங்க வச்ச பேரு. நகம், கொண்டை, ஷூ, யூனிஃபார்ம் மடிப்பு, எல்லாம் பார்ப்பாங்க. போன மாசம் ஒருத்தி காய்ச்சலோட நின்னா. உடம்பு கொதிக்குது. மேடம் அவ காலரைத் தொட்டுப் பார்த்துட்டு, கஞ்சி பத்தலைன்னாங்க.

வார்டுல முப்பத்திரண்டு படுக்கை, நாங்க நாலு பேர். பத்து மணிக்குள்ள எல்லாருக்கும் காய்ச்சல், நாடி, மூச்சு, பிபி பார்த்து சார்ட்ல ஏத்தணும். நடுவுல விரிப்பு மாத்தணும், மருந்து ட்ரேயோட ஓடணும். பதினொண்ணுக்கு கேஸ் ஸ்டடி காட்டணும், கிட்னி படத்துக்குக் கலர் பென்சில் அடிச்சு. சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தா திரும்ப வரையணும். ஆமா, இருபத்தோரு வயசுல. சிரிங்க, சிரிங்க.

மூச்சு எப்படி எண்ணணும் தெரியுமா? ஒரு முழு நிமிஷம். எண்ணுறது நோயாளிக்குத் தெரியக்கூடாது, தெரிஞ்சா மூச்சு மாறிடும். அதனால நாடி பார்க்கிற மாதிரி கையைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணு மட்டும் நெஞ்சு மேல. எவ்வளவு அழகா சொல்லிக் கொடுத்தாங்க. வார்டுக்கு வந்த முதல் நாளே சீனியர் அக்கா காதுல சொல்லிட்டாங்க, மூச்சுக்கெல்லாம் நின்னா பொழுது போயிடும், இருபதுன்னு போட்டுட்டு வா. எந்த சார்ட்டை வேணா எடுத்துப் பாருங்க. இருபது, இருபது, இருபது. ஆஸ்துமாக்காரருக்கும் இருபது. முப்பத்திரண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு மூச்சு விடுறாங்க. டாக்டர் பார்க்கிறார், டீச்சர் பார்க்கிறாங்க, எல்லாரும் கையெழுத்துப் போடுறாங்க. என்னம்மா இதுன்னு ஒருத்தர் கேட்டதில்லை. த்தூ.

தண்ணி வேண்டாம் மேடம். சொல்லி முடிச்சிடுறேன்.

பன்னெண்டாம் படுக்கையில ஒரு தையல்காரர் இருந்தார். என்னைப் பார்த்தாலே, காலர் கோணலா இருக்கும்மா, கழட்டிக் கொடு, நேராக்கித் தர்றேன்பார். ஊசி பிடிக்க முடியாத கை. இஸ்திரி மேடமும் அதே காலரைத்தான் பார்ப்பாங்க. ஆனா அவர் பார்த்தா கோவமே வராது.

போன வாரம் செவ்வாய்க்கிழமை. மணி பத்தாகப் போகுது, எனக்கு இன்னும் மூணு படுக்கை பாக்கி. அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார், போர்வை காது வரைக்கும். தூங்குறாரேன்னு கால்மாட்டுல நின்னபடியே எழுதிட்டேன். காய்ச்சல் இல்லை. நாடி எழுபத்தெட்டு. மூச்சு இருபது. கையைக்கூடத் தொடலை.

வெளியே அவர் பொண்ணு. ராத்திரி பூரா வராந்தா பெஞ்சுலயே இருந்தாங்களாம், பதினோரு மணி வரைக்கும் உள்ளே விட மாட்டாங்களே. அப்பா எப்படி இருக்கார் சிஸ்டர்னு கேட்டாங்க. நல்லா தூங்குறார்க்கா, இப்பத்தான் பார்த்துட்டு வர்றேன், நீங்க போய்க் குளிச்சிட்டு வாங்கன்னேன். நல்ல மனசோடதான் சொன்னேன், அது வேற கேடு.

பத்து இருபதுக்கு ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் போர்வையை எடுத்தார். உடம்பு ஜில்லுன்னு கிடந்தது, தாடை இறுகிப் போச்சு. ரெண்டு மணி நேரமாவது ஆகியிருக்கும்னு மெதுவா சொன்னார். இஸ்திரி மேடம் சார்ட்டைப் பார்த்தாங்க. பத்து மணிக்கு மூச்சு இருபதுன்னு இருக்கே, இதை எப்படி மாத்துறதுன்னாங்க. மாத்தலை. சாவை மாத்திட்டாங்க. செத்த நேரம் பத்து இருபதுன்னு எழுதினாங்க. என்கிட்ட தனியா வந்து என்ன சொன்னாங்க தெரியுமா? நல்லவேளை, எழுத்து தெளிவா இருக்கு.

அந்தப் பொண்ணு ஈரத்தலையோட ஓடி வந்தாங்க. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, நான் போயிருக்கக்கூடாது சிஸ்டர், நான் அந்தப் பக்கம் போன இருபது நிமிஷத்துல போயிட்டாரேன்னு அழுதாங்க. நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். இந்தக் கையாலதான். அன்னியிலேர்ந்து அத்தை மாதிரி எனக்கும் இந்தக் கையால சாப்பிடப் பிடிக்கலை.

இதை வெளியே சொன்னா என் படிப்புல வருஷம் போயிடும். இன்னும் ஒண்ணுதான் பாக்கி. வீட்டுல அம்மா இப்பவே எல்லார்கிட்டயும் நர்சம்மான்னு சொல்லிட்டுத் திரியறாங்க.

உங்க மூச்சு பதினாறு மேடம். நான் பேசிக்கிட்டே எண்ணிட்டேன். இப்பல்லாம் பஸ்ஸுல பக்கத்துல இருக்கிறவங்களுக்குக்கூட எண்ணுறேன். பாருங்க, சொன்னதும் மாறிடுச்சு.

இந்தாங்க உங்க ஃபாரம். பேரு எழுத வேண்டாம்னு மேல போட்டிருக்கீங்க, நான் ஓரத்துல என் பேரை எழுதியிருக்கேன். பன்னெண்டாம் படுக்கைன்னும் எழுதியிருக்கேன். அதைக் கோடு போட்டு அடிச்சிடாதீங்க.

இல்லை, வேற எதுவும் இல்லை. தையல்காரர் பொண்ணு வெளியேதான் உக்காந்திருக்காங்க, அதே பெஞ்சுல. இறப்புச் சான்றிதழ் வாங்க வந்திருக்காங்க, பத்து இருபதுன்னு போட்டது. அவங்க என்னைப் பார்த்துடக்கூடாதுன்னுதான் உங்ககூட உள்ளே வந்தேன். இப்ப நான் அவங்ககிட்ட போறேன், கதவு திறந்தே இருக்கட்டும் மேடம்.