அத்தை கைதட்டிய இடம்

அவைக்குத் தலைமை தாங்கி, அளவோடு பேசாவிட்டால் ஒலிவாங்கியை அணைத்துவிடுவேன் என்று அன்போடு எச்சரித்திருக்கும் அரங்க உரிமையாளர் அம்மையார் அவர்களே! முன்வரிசையில் முகம் மலர வீற்றிருக்கும் மூத்தோரே! மடியில் பிள்ளையையும் மனத்தில் பொறுமையையும் தாங்கி அமர்ந்திருக்கும் தாய்மார்களே! இடம் கிடைக்காமல் சுவரில் சாய்ந்து நிற்கும் தோழர்களே! கிட்டார் வாங்கிய மறுநாளே ரசிகர்களைத் தேடிப் புறப்பட்டுவிட்ட தம்பி தங்கையரே! எல்லோருக்கும் மேலாக, முன்வரிசை ஓரத்தில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி, இவன் எப்போது முடிப்பான் என்று என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் எங்கள் அத்தை அவர்களே! உங்கள் அனைவருக்கும் என் அன்பும் வணக்கமும்.

மாடிப்படி இசைக்குழுவுக்கு வெள்ளிவிழா. ஒரு குழு தன் ரசிகர்களைக் காலமெல்லாம் காப்பது எப்படி என்று பேச என்னை அழைத்திருக்கிறார்கள். நான் யார்? இசை அறிஞனா? இல்லை. முடி வெட்டுகிறவன். என் சலூனுக்கு மேலே, தட்டுமுட்டுச் சாமான் கிடந்த அறையில்தான் இந்தக் குழு பிறந்தது. ஏறிப்போகும் படியின் பெயரையே குழுவுக்கும் வைத்துவிட்டார்கள். அவர்கள் மேலே முழங்க, நான் கீழே மழிக்க, இத்தனை ஆண்டுகளில் ஒரு காதுகூட அறுபடவில்லை என்றால், அதையும் இவர்களுடைய சாதனைக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்!

சிரியுங்கள், சிரியுங்கள். அன்று என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரிக்கவில்லை.

பாடகி யார்? பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். காலையில் குழந்தைகளின் கூச்சலுக்கு நடுவே வண்டி ஓட்டி, மாலையில் அந்தக் களைப்பையே கானமாக்கும் கலைச்செல்வி. டிரம்ஸ் வாசிப்பவர் யார்? லிஃப்ட் பழுது பார்ப்பவர். பகலெல்லாம் பிறரை மேலே ஏற்றிவிட்டு, மாலையில் தான் மேலே ஏறுவார், என் மாடிப்படியில். இவர்களின் முதல் நிகழ்ச்சி இதே அரங்கில்தான் நடந்தது. கூட்டமா? குழுவில் இருந்தவர்களின் உறவுக்காரர்களை எடுத்துவிட்டால், மிச்சம் நாற்காலிகள்!

அந்த உறவுக்காரர்களில் ஒருவர், டிரம்ஸ்காரரின் மாமியார், அதாவது நம் அத்தை. மகள் கெஞ்சிக் கூத்தாடி இழுத்துவந்திருந்தாள். வந்ததிலிருந்து வாசலைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். இப்போதும் அப்படித்தான் பார்க்கிறார், கவனியுங்கள்!

‘கடைசி நிறுத்தம்’ என்றொரு பாட்டு. பாடகி தன் பேருந்தை வைத்தே எழுதியது. பாட்டு முடியும் தறுவாயில், வண்டி நிறுத்தத்தில் நிற்பதுபோல எல்லா வாத்தியமும் சட்டென்று நிற்கும். ஒரு மூச்சு இடைவெளி. பிறகு டிரம்ஸ் அதிர, வண்டி மறுபடி புறப்படும். அன்று வாத்தியங்கள் நின்றன. டிரம்ஸ் அதிரவில்லை. ஏன் அதிரவில்லை? பதற்றத்தில் நம்மவர் கைக்குச்சிகள் நழுவி, மேடைக்கு அடியில் உருண்டுவிட்டன!

அமைதி. நீண்ட அமைதி. அந்த அமைதியில் ஒரே ஒரு கைதட்டல் கேட்டது. அத்தை எழுந்து நிற்கிறார்.

“அப்பாடா! முடிஞ்சிருச்சு. வாடி, வீட்டுக்குப் போகலாம்!”

மேடையில் மருமகனுக்கு முகம் வெளுத்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் கூசிக் குறுகியிருப்பார்கள். பாடகி என்ன செய்தார்? சிரித்தார். “இன்னும் கொஞ்சம் இருக்கு அத்தை. நீங்க தட்டிட்டீங்கல்ல, இப்பப் பாருங்க, வண்டி கிளம்பும்!” என்றார். குச்சி இல்லாத மருமகன் வெறுங்கையாலேயே டிரம்ஸை முழக்கினார். அரங்கம் ஆர்ப்பரித்தது.

அந்தத் தவறை அவர்கள் திருத்தியிருக்கலாம். அடுத்த முறை குச்சிகளைக் கயிற்றில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அடுத்த நிகழ்ச்சியில் அதே இடத்தில் நிறுத்தி, கூட்டத்தைப் பார்த்துக் காத்திருந்தார்கள். போன முறை வந்தவர்கள் தட்டினார்கள். புதிதாக வந்தவர்கள் திருதிருவென்று விழித்தார்கள். விழித்தவன் வெளியே போகும்போது விவரம் கேட்டான். அடுத்த முறை அவனும் தட்டினான். அதற்கடுத்த முறை தன் மச்சானை அழைத்துவந்து, “இப்ப நிறுத்துவாங்க பாரு, நான் தட்டினாத்தான் நகருவாங்க” என்று மார்தட்டினான். கரும்பு தின்னக் கூலியும் கொடுத்தால் எவன் வராமல் இருப்பான்?

என் சலூனிலும் அதே கதைதான். மேலே ஒத்திகை நடக்கும். கீழே ஒருவர் கழுத்தை நீட்டியிருப்பார், என் கையில் கத்தி இருக்கும். மேலே பாட்டு நிற்கும். உடனே போர்வைக்குள்ளிருந்து இரண்டு கைகள் எழும்பும்! “அண்ணே, தட்டாதீங்க, கத்தி இருக்கு” என்று நான் அலறியது எனக்கல்லவா தெரியும்!

கைதட்டலைக் கேட்டு வாங்கும் குழுக்கள் உண்டு. காசு கொடுத்து வாங்கும் குழுக்களும் உண்டு. கைதட்டல் இல்லாவிட்டால் பாட்டே நகராது என்று தங்கள் பாட்டுக்குள்ளேயே ரசிகனுக்கு ஓர் இருக்கை போட்ட குழு இது. பாடகி வாசலில் நின்று, “போன தடவை காணோமே, உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று முகம் பார்த்துக் கேட்பார். பிறந்த வீட்டுக்கு வந்த பெண்ணைப் போல வந்தவர்கள் உள்ளே போவார்கள்.

கண் படாமல் இருக்குமா? பட்டது!

பாட்டைப் பதிவு செய்யப் பெரிய ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. அங்கிருந்த தயாரிப்பாளர் நல்லவர்தான், அவர் தொழில் அவருக்கு. “நடுவுல எதுக்கு வெறும் காத்து? கேக்கிறவங்க நெட் போயிடுச்சுன்னு நினைப்பாங்க” என்று அந்த இடைவெளியை வெட்டிவிட்டார். வெட்டிய பாட்டு எட்டுத் திக்கும் பறந்தது. எல்லார் கைப்பேசியிலும் அதே பாட்டு. முன்பின் தெரியாதவர்கள் திரண்டு வந்தார்கள். பதிவில் இருப்பதுபோலவே வேண்டும் என்றார்கள். குழுவும் மேடையில் அப்படியே வாசித்தது, இடைவெளி இல்லாமல்.

அன்று நான் பின்வரிசையில் இருந்தேன். அந்த இடம் வந்தது. பழைய ரசிகர்கள் கைகளை உயர்த்தினார்கள். பாட்டு நிற்காமல் ஓடியது. உயர்ந்த கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. பந்தியில் உட்கார்ந்தவனைக் கைபிடித்து எழுப்பியதுபோல இருந்தது ஐயா!

பிறகு என்ன? புதியவர்கள் வேறொரு புதுப்பாட்டைத் தேடிப் போனார்கள். பழையவர்கள் சண்டை போடவில்லை, சாபம் விடவில்லை, சும்மா வராமல் இருந்துவிட்டார்கள். ஊர் நிறைத்த பாட்டுக்கு அரங்கம் நிறையவில்லை. ஒருநாள் டிரம்ஸ்காரர் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

“அண்ணே, போதும்னு தோணுது. வர்ற நிகழ்ச்சியோட முடிச்சுக்கலாம்னு பேசிட்டோம். டிரம்ஸை வித்துடப் போறேன்.”

அவர் தலையில் கை வைத்தபடி நின்றேன்.

கடைசி நிகழ்ச்சி என்று கேள்விப்பட்டு, பழையவர்கள் வந்தார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள்போல அமர்ந்திருந்தார்கள். ‘கடைசி நிறுத்தம்’ தொடங்கியது. அந்த இடம் வந்தது. வாத்தியங்கள் நின்றன. டிரம்ஸ்காரர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார். கூட்டம் தட்டியதா? தட்டவில்லை! சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வருமா?

பாடகி மேடை விளிம்புக்கு வந்தார். ஒலிவாங்கி இல்லாமல் பேசினார். “இந்த இடம் உங்களோடது. உங்களைக் கேக்காம எடுத்துட்டோம். தப்புதான். திருப்பித் தரோம். நீங்க தட்டினா வண்டி கிளம்பும். இல்லேன்னா இங்கேயே நிக்கட்டும்.”

ஒரு கைகூட உயரவில்லை. அப்போது முன்வரிசை ஓரத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. எழுந்தவர் யார்? முதல் நாளிலிருந்து ஒரு நிகழ்ச்சி தவறாமல் வந்து, ஒரு நிகழ்ச்சி தவறாமல் குறை சொன்ன எங்கள் அத்தை! ஓங்கித் தட்டினார். திரும்பி நின்று கூட்டத்தை அதட்டினார்.

“என்ன எல்லாரும் மரம் மாதிரி உக்காந்திருக்கீங்க? தட்டுங்க! பாட்டு முடிஞ்சாத்தானே நான் வீட்டுக்குப் போக முடியும்?”

சிரிப்பு வெடித்தது! சிரிப்போடு கைதட்டல் வெடித்தது! கண்ணீரோடு ஒரு மருமகன், முதல்நாள்போலவே வெறுங்கையால் முழக்கினார்! வண்டி கிளம்பியது தோழர்களே! கிளம்பிய வண்டி இன்றுவரை நிற்கவில்லை!

அன்று வெளியே வரும்போது அத்தையிடம் கேட்டேன். “பிடிக்கலேன்னு சொல்லிக்கிட்டே ஏன் அத்தை ஒவ்வொரு தடவையும் வர்றீங்க?” அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நல்லா கேட்டே போ. நான் வரலேன்னா யாரு தட்டுறது?”

குழு தொடங்கியிருக்கும் தம்பி தங்கையரே! எத்தனை பேர் கேட்டார்கள் என்று கைப்பேசியைத் தடவித் தடவிப் பார்க்கிறீர்களே, அதையும் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நான் வராவிட்டால் இந்தப் பாட்டு நகராது என்று நம்பும் ஓர் அத்தை உங்களுக்கு உண்டா? அந்த அத்தைக்கு உங்கள் பாட்டில் இடம் விட்டீர்களா? விட்ட இடத்தை வெட்டச் சொல்லி யாராவது வந்தால், முடியாது என்று சொல்லும் முதுகெலும்பு உண்டா? உண்டென்றால், உங்கள் வெள்ளிவிழாவுக்கும் நான் வருவேன். கூப்பிடாவிட்டாலும் வருவேன்!

தலைவர் அம்மையார் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். முடிக்கிறேன். முடிப்பதற்கு முன், முத்தாய்ப்பாக, நேற்றெல்லாம் கண்ணாடி முன் நின்று மனப்பாடம் செய்த மகத்தான வாசகம் ஒன்றைச் சொல்லி...

தட்டிவிட்டாரா? அத்தை தட்டிவிட்டாரா! எழுந்தும் நின்றுவிட்டாரே!

சரி அத்தை, என் வாசகம் போகட்டும். நீங்கள் தட்டிய பிறகு பேசுவதற்கு எனக்கு இங்கே இடமில்லை. மாடிப்படி குழுவினரே, மேடைக்கு வாருங்கள், வண்டியைக் கிளப்புங்கள். கேட்ட செவிகளுக்கு நன்றி, தட்டிய கைகளுக்கு என் வணக்கம்!