ஜெனரல் தனகோர்ன் தந்த இரண்டு வாக்குகள்

இக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் செல்வரட்ணம் அண்ணை அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, தந்தையை இழந்து முன்வரிசையில் இருக்கும் சுனிசா அவர்களே, வேலை முடிந்த கையோடு ஜேர்மனியின் நாலு திக்கிலிருந்தும் எசன் நகருக்கு வந்து சேர்ந்த என் உறவுகளே, உங்கள் எல்லோருக்கும் இந்தப் பேர்பெச்சுவாவின் வணக்கம். சுனிசாவுக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் இருக்கும் வேணுஜா டொச் மொழியில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பிள்ளை, ஒன்றையும் விடாமல் சொல்லு.

பாங்கொக்கின் முன்னாள் பொலிஸ் தலைவரும் தாய்லாந்தின் முன்னாள் அமைச்சருமான ஜெனரல் தனகோர்ன் அவர்கள், மூன்று வாரங்களுக்கு முன் இந்த நகரத்து மருத்துவமனை ஒன்றில் காலமானார். அவருக்குத் தமிழர் நாங்கள் ஏன் கூட்டம் வைக்கிறோம் என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். அவரை வாழ்த்தியவளும் நான், சபித்தவளும் நான். நடந்ததைச் சொல்கிறேன்.

பதினைந்து வருடங்களுக்கு முன், பாங்கொக்கில் ஒரு தேவாலயத்தின் பின்பக்க அறைகளில் நாங்கள் முப்பத்தொரு பேர் இருந்தோம். அவர்களில் நான்கு பேர் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். விசா முடிந்து, அகதிப் பதிவுத் துண்டோடு மட்டும் இருந்த எங்களைத் தேடி ஒரு மத்தியானம் பொலிஸ் வந்தது. அந்தப் பகுதிக்குப் பொறுப்பான அதிகாரியே வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். எந்தப் பொலிஸ்காரன், என் மக்களே, எங்கள் வாசலில் சப்பாத்தைக் கழற்றியிருக்கிறான்! என் தம்பி ஜெசிந்தனின் மனைவி லாராவுக்கு அப்போது ஏழு மாதம், கால் இரண்டும் வீங்கிப்போயிருந்தது. தன் வாகனத்திலேயே அவளை மருத்துவமனைக்கு அனுப்பினார். போகும்போது அவர் சொன்னதை எங்கள் தமிழில் சொல்கிறேன்:

"நான் இருக்கும்வரைக்கும் இஞ்ச ஒருத்தரும் உங்களைத் தொடமாட்டினம். இது என்ர வாக்கு."

வாக்கைக் காப்பாற்றினாரா? காப்பாற்றினார்! மேலிடத்திலிருந்து சோதனை உத்தரவு வந்த இரண்டு முறையும், 'அங்கே யாரும் இல்லை' என்று தன் கைப்பட எழுதி அனுப்பினார். நகரத்துப் பொலிஸ் தலைவராக உயர்ந்த பிறகும், லாராவின் மகள் கவிசாவின் பிறந்தநாளுக்குக் கேக் பெட்டியோடு வந்தார். ஏழு வருடம் நாங்கள் பயமில்லாமல் தூங்கியது அந்த ஒரு மனிதரால். இதை நான் மறைத்தால் அது நன்றிகெட்ட பேச்சு.

அவர் அமைச்சரான அன்று ஜெசிந்தன் மாலை வாங்கிக்கொண்டு ஓடினான். கூட்டத்தில் கிட்டப் போக முடியவில்லை. திரும்பி வந்து சொன்னான்: "அக்கா, இனி என்ன பயம்? எங்கட ஆளெல்லோ மந்திரி!"

ஐந்தாவது மாதம், ஒரு ஞாயிறு, பூசை முடிந்த நேரம் லொறிகள் வந்தன. எந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்று எழுதிய தாள் அவர்கள் கையில் இருந்தது. அந்த அறைகளை அறிந்த பொலிஸ்காரர் உலகத்தில் ஒருவர்தான்! ஜெசிந்தன் அப்போதும் நம்பினான். "மந்திரி ஐயாவுக்கு ஒருக்கா போன் எடுங்கோ. அவருக்கு எங்களைத் தெரியும்" என்றான். வந்த அதிகாரி தாளின் அடியில் இருந்த கையொப்பத்தை விரலால் காட்டினார்.

ஜேர்மனியில் இருந்தவரோடு செய்த திருமணப் பதிவால் எனக்கு ஜேர்மன் விசா கிடைத்திருந்தது. என்னை மட்டும் விட்டார்கள். ஜெசிந்தன் போலிக் கடவுச்சீட்டு செய்தவன் என்று எழுதினார்கள். பதினான்கு மாதம் அடைத்து வைத்த இடத்திலேயே நெஞ்சில் சளி கட்டிச் செத்தான். லாராவும் கவிசாவும் இன்னும் பாங்கொக்கில். அந்தப் பொய்க் குற்றச்சாட்டைக் காட்டி அவர்களுடைய அன்ராக், இங்கே வருவதற்கான விண்ணப்பம், மூன்று முறை மறுக்கப்பட்டது.

பகைவன் செய்திருந்தால் தாங்கியிருப்பேன். எங்கள் பிள்ளைக்குக் கேக் கொண்டுவந்த கை, ஐயா, அது!

பிறகு அவருடைய பதவியும் போனது, உடம்பும் கெட்டது. இங்கே தாதியாக வேலை செய்யும் மகளிடம் வந்தார். இந்த வசந்தத்தில், தகப்பன் என்னைப் பார்க்கவேண்டும் என்று கேட்டதால், சுனிசா எங்கள் தமிழ்ப் பூசை முடியும்வரை வெளியே நின்று என்னைத் தேடினார். போனேன். கட்டிலில் பாதியாகிக் கிடந்தார். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "என்ர தம்பி உங்களுக்கு என்ன செய்தவன்?"

"ஒண்டும் செய்யேல்லை. அகதியளுக்கு இரங்கிற ஆள் எண்டு மந்திரிசபையில என்னைச் சந்தேகப்பட்டினம். பதவிக் கதிரை போயிடும் எண்டு பயந்தன். அந்தக் கடவுச்சீட்டுக் கதையும் பொய். எழுதச் சொன்னது நான்தான்."

"அப்ப இதை எழுதித் தாங்கோ. லாராவும் பிள்ளையுமாவது தப்பட்டும்."

"வெள்ளிக்கிழமை லோயரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. கையெழுத்து வைக்கிறன்."

அது இரண்டாவது வாக்கு. வெள்ளிக்கிழமை போனோம். தாளை இரண்டு தரம் வாசித்தார். பேனையைக் கீழே வைத்தார். "என்ர நாட்டில எனக்கொரு பேர் இருக்கு. யோசிக்கவேணும்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை போய்விட்டார்.

சாகக் கிடக்கும் மனிதனுமா ஏமாற்றுவான்? சவப்பெட்டிக்கு முன்னால் நின்றபோது எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

இந்தக் கூட்டத்தைக் கேட்டது சுனிசா. "அப்பாவைப் பற்றிப் பேசுங்கோ. ஆனால் பொய் சொல்லாதேங்கோ" என்றார். அந்த இரண்டு நாளும் கட்டிலருகே நின்று எல்லாவற்றையும் கேட்டவர் அவர். சென்ற வியாழக்கிழமை, நான் கேட்காமலே, நொட்டார் என்ற சட்டப் பதிவாளர் முன் போய்த் தகப்பன் சொன்னதைச் சொன்னபடி எழுதிக் கையொப்பமிட்டார். ஊரில் உள்ள சொந்தங்கள் இனி வீட்டுப்பக்கம் வராதே என்று சொல்லிவிட்டார்கள். தகப்பனுக்காக அழுதுகொண்டே இதைச் செய்தார், என் மக்களே!

திங்கட்கிழமை அந்தத் தாளோடு லாராவினதும் கவிசாவினதும் நான்காவது அன்ராக் போகிறது. மறுத்தால் ஐந்தாவதும் போகும். அந்த மனிதர் ஏழு வருடம் செய்துவிட்டுக் கைவிட்ட வேலையை நாங்கள் கைவிடமாட்டோம். இந்த மேடையில் நான் தரும் வாக்கு இது. தவறினால் என்னை இதே மண்டபத்தில் நிறுத்திக் கேளுங்கள்.

இனி அண்ணை மௌன அஞ்சலிக்கு உங்களை எழுந்து நிற்கச் சொல்வார். ஜெசிந்தனுக்கு இதுவரை யாரும் கூட்டம் வைக்கவில்லை. ஜெனரலுக்காக எழும்பும்போது அவனுக்காகவும் நில்லுங்கள். சுனிசா, நீங்கள் என் பக்கத்தில் வந்து நில்லுங்கோ.