வேட்டிப் பையில் இருந்த குங்குமப் பொட்டலம்

பெயர்: சந்திரவதனா பத்மநாதன்
வயது: பதினான்கு
தொழில்: பாடசாலை மாணவி
முகவரி: 41, கிளேர் றோட், மனோர் பார்க், லண்டன். இது என் தாய்மாமன் யோகலிங்கத்தின் வீடு. நானும் தாயாரும் முன் அறையில் இருக்கிறோம்.
பதிவு செய்த நாள்: திங்கட்கிழமை, 16 ஒக்டோபர் 1989, பிற்பகல் 4.40
உடன் இருந்தவர்: தாயார் தவமலர்
மொழிபெயர்ப்பாளர்: திருமதி அஞ்சலீனா யேசுரட்ணம்

நான் யாழ்ப்பாணத்திலிருந்து தாயாருடன் லண்டனுக்கு வந்து பதினொரு மாதங்கள் ஆகின்றன. எனக்கு ஆங்கிலம் வாசிக்க வரும். ஆனால் நடந்ததை ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொல்ல வேண்டும் என்பதால் தமிழில் சொல்ல அனுமதி கேட்டேன், அனுமதி கிடைத்தது. கடந்த சனிக்கிழமை துணிக்கடை வாசுதேவன் இரும்புத் தடியால் என் மாமாவின் நெற்றியில் அடித்தார் என்று முறைப்பாடு செய்யப்பட்டிருப்பதும், அதற்காக அவர் மீது வழக்குப் பதியப்படலாம் என்பதும் இங்கே பொலிஸ் நிலையத்தில் எனக்குச் சொல்லப்பட்டது. அந்த அடியைக் கண்ட சாட்சியாக மாமா என் பெயரையும் கொடுத்திருக்கிறார்.

வாசுதேவனை எனக்கு ஜனவரி மாதத்திலிருந்து தெரியும். தாயார் சான்ட்விச் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அவருடைய ஷிப்ட் ஐந்து மணிக்கு முடியும். அதுவரை மாமா வீடு பூட்டியிருப்பதால் நான் பாடசாலை விட்டதும் வாசுதேவனின் கடைக்குப் போய் ஹீட்டருக்குப் பக்கத்தில் உள்ள முக்காலியில் இருந்து படிப்பேன். நான் அங்கே வேலை செய்யவில்லை. அவர் என்னிடம் எந்த வேலையும் வாங்கியதில்லை.

அவருடைய ஊர் இந்தியாவில் அருப்புக்கோட்டை. அங்கிருந்து வரும் துணிக்கட்டுகள் பழைய தமிழ்ப் பத்திரிகைகளில் சுற்றப்பட்டிருக்கும். நான் அந்தத் தாள்களை மடிப்பு நீக்கி வாசிப்பேன். பருத்தி ஏலம் எந்தக் கிழமை, எந்தக் கமிஷன் கடைக்காரரின் மகளுக்கு எந்த மண்டபத்தில் கலியாணம், மூட்டைக்குள் ஈரப் பருத்தியைக் கலந்த வியாபாரியைச் சங்கத்தார் எப்படி விலக்கி வைத்தார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வாசுதேவன் தன் ஊர் வழக்கப்படி, துணி வாங்கும் ஒவ்வொருவருடைய பையிலும் ஒரு சிறிய குங்குமப் பொட்டலம் வைப்பார். அதில் கடையின் பெயர் முத்திரை குத்தியிருக்கும். "எங்க ஊர்ல ஜவுளி எடுத்தவங்கள வெறுங்கையா அனுப்ப மாட்டோம்" என்று சொல்வார். "குங்குமத்தைத் தந்து சீலை விலையைக் கூட்டுறீரோ?" என்று பெண்கள் பகிடி பண்ணுவார்கள். ஆண்கள் சிலர் பகிடியாகப் பேசுவதில்லை. எங்கள் ஊரில் இப்போது இந்திய இராணுவம் நிற்கிறது. "உங்கடை ஆமி எப்ப எங்கடை ஊரை விட்டுப் போறது?" என்று சாரத்துணி வாங்க வந்தவர்கள்கூடக் கேட்டார்கள். "நான் துணி விக்கிறவன் அண்ணாச்சி" என்பார்.

ஒக்டோபர் 3ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடத்துக்கு மாமா கடைக்கு வந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் பேசவில்லை. "ஒரு எட்டு முழ வேட்டி, ஒரு சால்வை" என்று மட்டும் கேட்டார். மாமா காலுறை வாங்கினாலும் பத்து நிமிடம் விலை பேசுகிறவர். அன்று மடிப்பைக்கூடப் பிரித்துப் பார்க்காமல் கேட்ட பணத்தைக் கொடுத்தார். போகும்போது "போயிட்டு வாறன்" என்று சொல்லவில்லை. வாசுதேவனும் "வாங்க" என்று சொல்லவில்லை. கதவு மூடும் வரை எழுந்து நின்றார்.

இராணுவத்தைப் பற்றி நான் கடையில் இல்லாத வேறொரு நாளில் இருவரும் சண்டை பிடித்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். அதன் பின் மாமாவின் பையில் குங்குமப் பொட்டலம் வைக்கப்படவில்லை என்பதைக் கவனித்தேன். கோபத்தில் மறந்துவிட்டார் என்று எண்ணி, தட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். மாமா பஸ் தரிப்பிடத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மாமா, இதை விட்டிட்டு வந்திட்டியள்" என்று சொல்லி, பொட்டலத்தை வேட்டியின் மடிப்புக்குள் வைத்தேன். அவர் திரும்பவில்லை. பஸ் வந்தது, ஏறினார்.

நான் திரும்பி வந்தபோது வாசுதேவன் வாசலில் நின்றார். "என்னம்மா குடுத்த?" என்று கேட்டார். குங்குமம் என்றேன். அவர் செருப்பில்லாமல் தெருவில் இறங்கி பஸ் போன பக்கம் பார்த்தார். அதன் பின் "உள்ள வா, குளிருது" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை வீட்டுக்குப் போன பின்னரே, என் பெரியம்மா பாலாம்பிகையின் கணவர் செல்வரத்தினம் பிற்பகல் ஒரு மணிக்கு மருத்துவமனையில் காலமானது எனக்குத் தெரிய வந்தது. பெரியம்மா மாமாவின் மூத்த சகோதரி. அந்த வேட்டியும் சால்வையும் பெரியப்பாவின் உடலுக்கு உடுத்த வாங்கியவை. சாவுக்குத் துணி எடுக்கிறவர் கடையில் காரணம் சொல்வதில்லை என்பதும், போயிட்டு வாறன் என்று சொல்வதில்லை என்பதும் அதற்கு முன் எனக்குத் தெரியாது. வாசுதேவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் அவர் பொட்டலம் வைக்கவில்லை.

அந்தப் பை ஆறு நாட்கள் மாமாவின் அறையில் அலுமாரிக்கு மேல் இருந்தது. அதில் குங்குமம் இருக்கிறது என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். வெள்ளிக்கிழமை நான் கதிரையைக் கொண்டுபோய் அதில் ஏறினேன். மாமி வந்து என்ன தேடுகிறாய் என்று கேட்டார். அகராதி என்று சொல்லி இறங்கினேன். அதற்குப் பின் நான் ஏறவில்லை.

ஒக்டோபர் 9ஆம் திகதி, திங்கட்கிழமை காலை, இறுதிச் சடங்கு நடத்துபவர்களின் மண்டபத்தில், பெரியம்மாவின் நெற்றிப் பொட்டை அழித்த பின்னர், மாமா அந்தப் பையை அவருடைய மடியில் வைத்தார். பெரியம்மா வேட்டியைப் பிரித்தார். பொட்டலம் நசிந்து கிழிந்திருந்தது. குங்குமம் வேட்டியிலும் அவருடைய பத்து விரல்களிலும் பட்டது. அதுவரை அழுதுகொண்டிருந்தவர் அழுகையை நிறுத்தி விரல்களைப் பார்த்தார். யாரோ ஈரத்துணி கொண்டுவந்தார்கள். துடைத்தபோது அது இன்னும் பரவியது.

மாமா கடதாசியில் இருந்த முத்திரையை உரத்து வாசித்தார். "செத்த வீட்டுக்குக் குங்குமச் சரை வைச்சு அனுப்பியிருக்கிறான். வேணுமெண்டு வைச்சவன்!" என்று சத்தமிட்டார். மாமாவின் நண்பர் கோபாலகிருஷ்ணன் அங்கே இருந்தார். அவருக்கு வாசுதேவனின் கடையிலிருந்து இரண்டு கடை தள்ளிப் பலசரக்குக் கடை இருக்கிறது. இந்த ஆண்டு தீபாவளிக்கு அவரும் சேலை கொண்டுவந்து விற்கிறார். "அங்கை ஊரிலையும் செய்யிறாங்கள், இங்கையும் வந்து செய்யிறாங்கள். இனி அவன்ரை படியிலை ஒருத்தரும் ஏறப்படாது" என்று அவர் சொன்னார். எல்லோரும் ஓம் என்றார்கள். நான் நான்கு அடி தள்ளி நின்றேன்.

அதன் பின் அந்த வாரம் நடந்தவை: செவ்வாய்க்கிழமை கோபாலகிருஷ்ணனின் கடைக் கண்ணாடியில், தமிழ்ப் பெண்ணை அவமதித்தவனிடம் துணி வாங்காதீர்கள் என்று எழுதிய மட்டை ஒட்டப்பட்டது. புதன்கிழமை ஐந்து பெண்கள் வாங்கிய சேலைகளைக் கொண்டுவந்து வாசுதேவனின் வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். அதில் ஒன்று உடுத்துத் தோய்த்த சேலை. வியாழக்கிழமை காலை அவருடைய ஷட்டரில் சிவப்புப் பெயின்ட் ஊற்றப்பட்டிருந்தது. ஊற்றியவர் யார் என்று எனக்குத் தெரியாது. பாடசாலை விட்டு நான் அவ்வழியே வந்தபோது அவர் வாளியும் தூரிகையும் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். தீபாவளிக்கு வந்த ஆறு துணிக்கட்டுகள் உள்ளே பிரிக்காமல் கிடந்தன. நான் நின்றேன். "இங்க நிக்காதம்மா. உங்க மாமா பாத்தா உன்னைத்தான் ஏசுவாரு" என்றார். பொட்டலத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நான் போய்விட்டேன்.

ஒக்டோபர் 14ஆம் திகதி, சனிக்கிழமை காலை பதினொரு மணியளவில் மாமா என்னைக் கோட்டைப் போடச் சொன்னார். "நீ அண்டைக்கு அந்தக் கடையிலை இருந்தனி. அவன் வைச்சதைப் பாத்தனி எண்டு அவன்ரை முகத்துக்கு நேரை சொல்லு" என்றார். நான் பார்க்கவில்லை என்றேன். "எங்கடை வீட்டிலை இருந்து சாப்பிட்டுக்கொண்டு அவனுக்கோ வக்காலத்து?" என்று கேட்டார். கோபாலகிருஷ்ணன் வெளியே வான் வண்டியில் இருந்தார். மூவரும் போனோம்.

கடையில் வேறு யாரும் இல்லை. வாசுதேவன் மேசையில் ஒரு கட்டைப் பிரித்து வேட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மாமா அந்த அடுக்கைக் கையால் தள்ளினார். வேட்டிகள் தரையில் விழுந்தன. அதன் பின் நடந்த பேச்சு இது:

"என்ரை அக்காவின்ரை கையிலை குங்குமம் பூசிப் பாக்க உனக்கு ஆசையோ?"

"அண்ணாச்சி, நடந்தது தப்புதான். அந்த அம்மாவைப் பாத்துக் கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்குறேன்."

"அண்ணாச்சியும் கிண்ணாச்சியும்! ஆர் உனக்கு அண்ணாச்சி?" என்று கோபாலகிருஷ்ணன் வாசலில் நின்று கேட்டார்.

"ஆர் வைச்சது எண்டு சொல்லு" என்றார் மாமா.

"கடை என்னோடது. பொறுப்பும் என்னோடது."

மாமா என் தோளைப் பிடித்து முன்னே தள்ளினார். "பிள்ளை, சொல்லு. ஆர் வைச்சது?"

நான் வாயைத் திறந்தேன். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. வாசுதேவன் என்னை ஒரு தடவை பார்த்தார். உடனே, "அந்தப் புள்ளைய எதுக்கு இழுக்குறீங்க? நான்தான் வச்சேன். போதுமா?" என்றார்.

அப்போது மாமா மேசையில் கிடந்த, துணி அளக்கும் இரும்புத் தடியைத் தன் வலது கையால் எடுத்தார். எடுத்தவர் மாமா. அதைக் கண்ணாடி அலுமாரியில் அடித்தார். கண்ணாடி உடைந்தது. இரண்டாவது தடவை ஓங்கியபோது அவருடைய இடது கால் தரையில் கிடந்த வேட்டியில் வழுக்கியது. அவர் முன்பக்கமாக விழுந்தார். மேசையின் விளிம்பு நெற்றியில் பட்டது. தடி அவருடைய கையிலிருந்து உருண்டு போனது. அந்த நேரம் வாசுதேவனின் இரண்டு கைகளிலும் துணி இருந்தது. அவர் யாரையும் அடிக்கவில்லை. மேசையைச் சுற்றி ஓடி வந்து, கையில் இருந்த புது வேட்டியை மாமாவின் நெற்றியில் வைத்து அமத்திப் பிடித்தார். மாமா அவரைக் காலால் உதைத்தார். அவர் பிடியை விடவில்லை.

கோபாலகிருஷ்ணன் அப்போது தெருவைப் பார்த்து நின்றார். கண்ணாடி உடைந்த சத்தத்துக்குப் பின்தான் திரும்பினார். திரும்பியதும் "அடிச்சிட்டான், அடிச்சிட்டான்" என்று தெருவுக்குக் கேட்கச் சத்தமிட்டார். அம்புலன்ஸ் வருபவர்களின் காலில் தடுக்கக் கூடாது என்று வாசுதேவன் தடியை எடுத்து மூலையில் வைத்தார். தடியில் அவருடைய கைரேகை இருந்தால் அதற்குக் காரணம் அதுதான்.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை, மாமா நெற்றியில் கட்டுடன் கட்டிலில் இருந்தபடி என்னைக் கூப்பிட்டு, "அவன் தடியைத் தூக்கினவன் எண்டு மட்டும் சொல்லு. வேறை ஒண்டும் கேக்க மாட்டினம்" என்றார். நான் ஓம் என்று சொன்னேன். நான் சொன்ன அந்த ஓம் பொய். வேறொன்றும் கேட்க மாட்டார்கள் என்று மாமா சொன்னது மட்டும் சரி. குங்குமப் பொட்டலத்தைப் பற்றி இங்கே யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். பெரியம்மாவிடமும் இதைச் சொல்ல வேண்டும். அவர் இன்னும் வாசுதேவன் வைத்ததாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நான் பொட்டலத்தை வைத்ததை என் தாயார் இந்த அறையில்தான் முதன்முதலாகக் கேட்டார். நான் சொல்லி முடித்ததும் அவர் என்னைப் பார்க்காமல், "இனி நாங்கள் எங்கை போய் இருக்கிறது?" என்று கேட்டார். அதையும் எழுத வேண்டுமா என்று திருமதி யேசுரட்ணம் கேட்டார். எழுதச் சொன்னேன்.

இது முழுவதும் எனக்குத் திரும்ப வாசித்துக் காட்டப்பட்டது. ஓர் இடத்தில் நான்கு மணி என்று எழுதியிருந்ததை நான்கு மணி பத்து நிமிடம் என்று திருத்தச் சொன்னேன். இதில் நான் கண்டதும் கேட்டதும் செய்ததும் உள்ளன. யாரும் சொல்லித் தந்தது எதுவும் இல்லை. பொய் இருந்தால் நான் தண்டிக்கப்படலாம் என்று அறிந்தே கையெழுத்து வைக்கிறேன்.

(ஒப்பம்) ப. சந்திரவதனா

மொழிபெயர்ப்பாளரின் குறிப்பு: தாயார் கையெழுத்து வைக்க முதலில் மறுத்தார். ஐந்து மணி ஐம்பது நிமிடத்துக்குப் பேனையைக் கேட்டு வாங்கி வைத்தார். முகவரி எழுத வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டார்.

(ஒப்பம்) ப. தவமலர்