மிஸ் முத்துவின் தொண்டை

நீங்கள் கேட்டதற்குப் பதில், இல்லை என்பதுதான், ஐயா. வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் குரலை உயர்த்துவதில்லை.

அக்காவைக் காணவில்லை என்று எழுதிக்கொடுக்கத்தான் வந்தேன். பெயர் முத்தாயி. மிஸ் முத்து என்றால்தான் உங்களுக்குத் தெரியும். ஹேப்பி வோர்ல்ட் கேளிக்கைப் பூங்கா மேடையில் பளபளக்கும் கவுன் போட்டுக்கொண்டு, தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தமிழில் ரும்பா நடனப் பாட்டுப் பாடியவள். ‘டாக்சிக்காரா, மெல்லப் போ, பீச் ரோடு இன்னும் முடியலே.’ சிராங்கூன் ரோட்டில் அதை முணுமுணுக்காத ஆள் அப்போது இல்லை. நீங்களும் முணுமுணுத்திருப்பீர்கள்.

நான் அன்னம்மா, அவளுடைய ஒரே தங்கை. பெண்கள் பள்ளி ஒன்றில் இரசாயனம் கற்பிக்கிறேன். அப்பா அம்மா இல்லை. கெர்பாவ் ரோட்டில் மாடியில் இரண்டு அறை, நாங்கள் இரண்டு பேர்.

முழுவதையும் சொல்லிவிடுகிறேன். அவளால் இனி யாருக்கும் தொந்தரவு இல்லை என்பது அப்போதுதான் உங்களுக்கு விளங்கும். கண்டுபிடித்தாலும் அவளை உள்ளே வைக்கமாட்டீர்கள்.

துறைமுகத் தொழிலாளர்களின் தீபாவளி நிகழ்ச்சியில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அக்கா டாக்சிப் பாட்டைப் பாடி முடித்தாள். கூட்டத்திலிருந்து ஒரு அம்மா எழுந்தாள். “டாக்சியில போறவுங்களுக்குப் பாடிட்டே தாயி. லாரியில அள்ளிப் போட்டுக்கிட்டுப் போறாங்களே, எங்களுக்கு எப்பப் பாடுவே?” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். ஆனால் வீடு வரும்வரை ரிக்‌ஷாவில் அந்த அம்மா சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அடுத்த வாரம் அதே மெட்டுக்கு வேறு சொற்கள் வந்தன. வேலை வாங்கும் மண்டோரைப் பார்த்துப் பாடுவது போல. ‘மண்டோரே, மெல்லப் பேசு, காது இன்னும் செவிடாகலே.’ மெட்டு எல்லாருக்கும் முன்பே பாடம். அதனால் அது தீ மாதிரிப் பரவியது. வேலைநிறுத்தம் வந்தபோது அவளை லாரி மேல் ஏற்றினார்கள். பாரர் பார்க் திடலில் கவுன் இல்லாமல், நூல் புடவையில் நின்று பாடினாள். வானொலியில் அவள் பாட்டு நின்றது. ஹேப்பி வோர்ல்டில் வேறொருத்தி வந்தாள். அக்கா கவலைப்படவில்லை.

நான் பயந்தேன். என் பயம் உங்களுக்குப் புரிய வேண்டும். எங்கள் வீட்டுக்கு எதிரே நடைபாதையில் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். பக்கத்தைத் திருப்பமாட்டார். படியில் செருப்புச் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிடுவேன். ஆய்வுக்கூடத்தில் நான் சோதனைக் குழாயைத் தாங்கியில் வைத்தால் அது கடகடவென்று தட்டும். “டீச்சருக்குக் குளிருது லா,” என்று பிள்ளைகள் சிரிப்பார்கள்.

பிறகு ரவூபை அழைத்துப் போனார்கள். அக்காவுக்கு அக்கார்டியன் வாசித்தவர். சாதாரண உடுப்பில் இரண்டு பேர் வந்தார்களாம். சில வாரங்களில் விட்டுவிட்டார்கள். திரும்பி வந்தவர் வாத்தியத்தைத் தொடவில்லை. கேட்டதற்கு, “விரலுக்கு மறந்துபோச்சு, தங்கச்சி,” என்றார்.

அந்தச் சமயத்தில்தான் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, மிஸ் முத்து உன் அக்காவா என்று கேட்டார். தூரத்துச் சொந்தம் என்றேன். எனக்காகச் சொல்லவில்லை. இரண்டு பேரில் ஒருவருக்காவது வேலை வேண்டாமா?

அக்காவிடம் கெஞ்சிப் பார்த்தேன். “நிறுத்திடுக்கா. நான் இங்கே கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரியில பொறந்தவ. நீ ஊர்லேர்ந்து வந்தவ. நாகப்பட்டினம் கப்பல்ல ஏத்திவிட்டுருவாங்க.”

“ஏத்தட்டுமே. கப்பல்ல மைக் இருக்கும்ல?”

“எனக்குப் பயமா இருக்கு.”

“உனக்குப் பல்லி விழுந்தாலும் பயம்தான். பயந்தாங்கொள்ளி. போ, ஆவிக்குத் தண்ணி வை.”

நான் போய்த் தண்ணீர் வைத்தேன்.

பாடப் போகுமுன் அவள் ஆவி பிடிப்பாள். தொடக்கத்திலிருந்தே அது என் வேலை. குண்டான் நிறையக் கொதிநீர், சில சொட்டு நீலகிரித் தைலம், தலைக்கு மேல் பெரிய துண்டு. வேறு யார் கொடுத்தாலும் பிடிக்கமாட்டாள். “அன்னம் போட்டாத்தான் தொண்டை தொறக்கும்,” என்பாள்.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் பூட்டிய அலமாரி ஒன்று உண்டு. சாவி என்னிடம் இருக்கும். எந்தப் புட்டி என்று சொல்லமாட்டேன். யாராவது வீட்டில் செய்து பார்த்துவிடக் கூடாது, இத்தகைய விஷயங்களில் கவனம் வேண்டும். நான் கவனமாகத்தான் இருந்தேன். அவள் உயிருக்கு ஆபத்து வரக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். குரல்நாண் என்பது தொண்டைக்குள் இரண்டு மெல்லிய மடிப்பு, அவ்வளவுதான். அது போனால் மனிதர் நடக்கலாம், சாப்பிடலாம், கல்யாணம்கூடச் செய்துகொள்ளலாம். பாட மட்டும் முடியாது. பாடாதவளை யார் கப்பலேற்றப் போகிறார்கள்?

ஏன் ஐயா எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்?

முதல் நாள் துண்டுக்குள் இருமினாள். “காரமா இருக்குடி,” என்றாள்.

“சளி அறுக்கும்கா,” என்றேன்.

தலையைத் தூக்கிவிடாதபடி முதுகில் கை வைத்துத் தடவிக்கொண்டே இருந்தேன். சின்ன வயதில் எனக்கு இழுப்பு வரும்போது அவள் அப்படித்தான் செய்வாள்.

மெதுவாகத்தான் நடந்தது. முதலில் மேல் சுரம் போனது. பிறகு பாரர் பார்க்கில், லாரி மேலே, நடுவரியில் குரல் உடைந்தது. அழுகிறாள் என்று கூட்டம் நினைத்தது. மீதியை அவர்களே பாடினார்கள். நான் திடலின் ஓரத்தில் நின்றேன். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

மருத்துவர் அவள் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, தொழிற்சாலையில் வேலையா, ஏதாவது புகையைச் சுவாசித்தாயா என்று கேட்டார். “நான் பாட்டுக்காரி டாக்டர்,” என்று அக்கா காற்றாகச் சொன்னாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கை சில்லிட்டிருந்தது.

இத்தோடு முடிந்தது என்று எண்ணினேன். ஆனால் துறைமுகத்துப் பெண்கள் வீடு தேடி வர ஆரம்பித்தார்கள். அக்கா பிஸ்கட் டின்னில் தாளம் தட்டுவாள். வரிகளை எழுதிக் காட்டுவாள். அவர்கள் பாடுவார்கள். முன்பு ஒரு தொண்டை. இப்போது எத்தனை என்று எனக்கே தெரியவில்லை. எழுதுகிற கையைப் பற்றியும் நான் யோசிக்க நேர்ந்தது. யோசித்தேன், அவ்வளவுதான்.

போன வாரம் குரலுக்கு நல்லது என்று மறுபடியும் குண்டானைக் கொண்டுபோய் வைத்தேன். துண்டை எடுத்தவள் அதை என்னிடம் நீட்டினாள்.

“நீ மொதல்ல பிடி, அன்னம்.”

“எனக்குச் சளி இல்லையேக்கா.”

“ஒரே ஒரு மூச்சு. அக்காவுக்காக.”

எனக்கு வகுப்புத் தாள்கள் திருத்த வேண்டியிருந்தது. அதைச் சொன்னேன். அவள் துண்டை மடித்து வைத்தாள். பிறகு குண்டானைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் கொட்டிவிட்டு வந்தாள். திட்டவில்லை. அதனால்தான் சண்டை எதுவும் இல்லை என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கும் பயம் வந்தது, ஐயா. உண்மையில் எனக்கு நிம்மதியாக இருந்தது. இத்தனை காலம் சொல்லியும் வராத பயம். அறைக்கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டாள். நான் வைத்த காப்பி ஆறிப்போய் அப்படியே இருக்கும். மூன்று வேளையும் கீழே முகம்மது யூசுப் கடையில் சாப்பிட்டாள். என் செருப்புச் சத்தத்துக்கே திடுக்கிட்டாள். யாரைப் பார்த்தாலும் போலீஸ் என்று தோன்றும்போல, பாவம். “பயப்படாதேக்கா, நான் இருக்கேன்ல,” என்று கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். உள்ளே நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுக்கும் சத்தம் கேட்டது.

நேற்று பள்ளியிலிருந்து வந்தபோது அறை காலியாக இருந்தது. அவளுடைய துணிகளும் இல்லை. ரவூபிடம் கேட்டேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது, சொல்லமாட்டேன் என்கிறார். “தேடாதே தங்கச்சி, அவ நல்லா இருக்கட்டும்,” என்று கதவைச் சாத்திவிட்டார்.

நல்லா இருப்பாளா? அவளுக்கு எது நல்லது என்று அந்தத் துறைமுகத்துப் பெண்களுக்கு என்ன தெரியும்?

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள், போடுகிறேன். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். தேடப் போகிறவர்களைச் சீருடையில் அனுப்பாதீர்கள். அவள் உங்களுக்குப் பயந்துதான் ஓடியிருக்கிறாள். கண்டதும் நெருங்கிப் போக வேண்டாம். வீட்டில் தங்கச்சி மட்டும் தனியாக உனக்காகக் காத்திருக்கிறாள் என்று சொல்லச் சொல்லுங்கள். அதைக் கேட்டாலே அவளுக்குப் பயம் தெளிந்துவிடும்.