கரைக்கு வராத படகு

மத்ரோனா: அது காய். விடு.

பராஸ்கா: பழம்தான்.

மத்ரோனா: சிவப்பா இருந்தா காய். மஞ்சளாகி, தொட்டதும் கையோட வந்தாத்தான் பழம். இதைக்கூட மறந்துட்டியா?

பராஸ்கா: ஒரு வருஷம் கழிச்சு என்கிட்ட பேசற முதல் பேச்சு இதுதானா?

மத்ரோனா: உன்கிட்ட யாரு பேசினா? செடி பாவமேன்னு சொன்னேன்.

பராஸ்கா: சரி, செடிகிட்டயே பேசு. நான் அந்தப் பக்கம் போறேன்.

மத்ரோனா: அங்க போகாத. புதர் ஓரம். படகுலேருந்து இறங்கும்போதே கரடித் தடம் பார்த்தோம்ல... பெருசு ஒண்ணு, சின்னது ஒண்ணு.

பராஸ்கா: கரடி என்னைத் தூக்கிட்டுப் போனா உனக்கு நிம்மதிதானே.

மத்ரோனா: கரடிக்கு என்ன தலையெழுத்து.

பராஸ்கா: ...சிரிக்கிறியா?

மத்ரோனா: மூக்குல கொசு போயிருச்சு.

பராஸ்கா: எல்லாம் லுக்கேரியா வேலை. மூணு பேருமா பழம் பறிக்கப் போவோம்னு கூப்பிட்டா. படகு கிளம்பற நேரத்துல அவளுக்கு மட்டும் பல்லு வலி.

மத்ரோனா: நேத்துதான் எலும்பைக் கடிச்சுத் தின்னா. எனக்குத் தெரியாதா.

பராஸ்கா: தெரிஞ்சும் ஏன் வந்த?

மத்ரோனா: பழத்துக்கு வந்தேன். குளிர்காலம் முழுக்க பழம் இல்லாம வெறும் கொழுப்பையும் சர்க்கரையையுமா கலக்கித் தின்ன முடியும்? போன வருஷம் மீனும் இல்லாமப் போச்சு.

பராஸ்கா: ...ஆரம்பிச்சுட்டியா.

மத்ரோனா: உன்னை நம்பித்தானே நெருப்பை விட்டுட்டுப் போனேன்? புகைக் குடிசை நிறைய சால்மன் மீன் தொங்குச்சு. அக்கா மக பிரசவத்துக்குப் போயிட்டு வந்து பார்த்தா, நெருப்பு அணைஞ்சு, ஈ மொய்ச்சு, புழு வெச்சு... நாய்கூட மோந்து பார்த்துட்டு ஒதுங்கிப் போச்சு.

பராஸ்கா: மன்னிப்புக் கேட்டேன்.

மத்ரோனா: நான் காரணம் கேட்டேன்.

பராஸ்கா: தூங்கிட்டேன்னு சொன்னேன்ல.

மத்ரோனா: விடிய விடிய மீன் அறுத்துட்டு, அப்படியே வலை இழுக்கப் போறவ நீ. நீ தூங்கிட்ட.

பராஸ்கா: ஆமா, தூங்கிட்டேன். சர்ச் வாசல்ல ஊரே நிக்கறப்ப, 'இவ கையில இனி யாரும் மீனைக் குடுக்காதீங்க'ன்னு சொன்னியே... அப்பவும் அதைத்தான் சொன்னேன். இப்பவும் அதேதான்.

மத்ரோனா: போதும். குனிஞ்சு பறி.

பராஸ்கா: அண்ணன் எப்ப வரேன்னாரு?

மத்ரோனா: உங்கண்ணன், என் வீட்டுக்காரரா? நம்மளை இறக்கிவிட்டப்ப, வலையைப் பார்த்துட்டு உடனே வரேன்னாரு.

பராஸ்கா: நம்மகூடவே இருந்திருக்கலாம்.

மத்ரோனா: நான் சொல்லலைன்னு நினைக்கிறியா? டீயைக் குடிச்சுட்டுக் கரையில உட்காருங்க, வலை எங்கயும் ஓடிடாதுன்னு சொன்னேன். கடல்ல நாலு பேரை வெச்சுக் கப்பல் ஓட்டறவனை ஆத்துக்குப் பயப்படச் சொல்றியான்னு கேட்டாரு.

பராஸ்கா: கூட யாராவது போயிருந்தா...

மத்ரோனா: யாரு போறது? லுக்கேரியாவைத்தான் படகுல உட்கார வைக்கலாம்னு இருந்தேன்.

பராஸ்கா: அவளை எதுக்கு?

மத்ரோனா: பேச்சுத் துணைக்கு.

பராஸ்கா: அண்ணனுக்கு எதுக்குப் பேச்சுத் துணை? கேட்டதுக்கே பதில் சொல்ல மாட்டாரு.

மத்ரோனா: உனக்கு எதுக்கு இத்தனை கேள்வி? அதோ, மோட்டார் சத்தம். வந்துட்டாரு. போதுமா?

பராஸ்கா: ம்.

மத்ரோனா: வாளி பாதிகூட நிறையலை உனக்கு. வாயில போடறதை நிறுத்து.

பராஸ்கா: ...மத்ரோனா.

மத்ரோனா: என்ன?

பராஸ்கா: சத்தம் கிட்ட வரலையே.

மத்ரோனா: காத்து அடிக்குதுல்ல.

பராஸ்கா: காத்து அங்கேருந்துதான் அடிக்குது. கேளு... பெருசாகுது. இப்பக் குறையுது. மறுபடி பெருசாகுது.

மத்ரோனா: வலையைச் சுத்தி வராரா இருக்கும்.

பராஸ்கா: வலைகிட்ட மோட்டாரை ஓட விட்டா கயிறு சிக்கிக்கும். அண்ணன் அப்படிச் செய்யற ஆளா?

மத்ரோனா: ...இல்லை.

பராஸ்கா: நான் கீழ போறேன்.

மத்ரோனா: புதர் வழியாவா? குட்டியோட இருக்கற கரடி.

பராஸ்கா: சத்தம் போட்டுக்கிட்டே போறேன். நீ இங்கயே இரு.

மத்ரோனா: நான் ஏன் இருக்கணும்?

பராஸ்கா: ஒண்ணும் இருக்காது. மோட்டார்ல ஏதாவது கோளாறா இருக்கும். சும்மா பார்த்துட்டு வரேன்.

மத்ரோனா: சும்மா பார்க்கப் போறவ எதுக்கு ஓடற? நட. நானும் வரேன்.

பராஸ்கா: நீயும்தான் ஓடற.

மத்ரோனா: கரடியை நினைச்சு. நட.

பராஸ்கா: பேசிக்கிட்டே வா. நாம வரது அதுக்குத் தெரியணும்.

மத்ரோனா: என்ன பேசறது?

பராஸ்கா: திட்டு. உனக்கு அதுதானே நல்லா வரும்.

மத்ரோனா: சோம்பேறி. பொறுப்பில்லாதவ. பொய் சொல்றவ.

பராஸ்கா: இன்னும் சத்தமா.

மத்ரோனா: பொய் சொல்றவ. முகத்தைப் பார்த்து, கண்ணைச் சிமிட்டாம பொய் சொல்றவ. பள்ளிக்கூடத்துலேருந்து ஒரே பெஞ்சுல உட்கார்ந்தவகிட்டயே...

பராஸ்கா: நான் என்ன பொய் சொன்னேன்?

மத்ரோனா: நீயே சொல்லு.

பராஸ்கா: கிளையைப் பிடி, முகத்துல அடிக்குது... நான் ஒண்ணும் பொய் சொல்லலை. நீதான் ஒருத்தி சொல்றதை நம்ப மாட்ட. வாய் நீளம். இரக்கம் கிடையாது. உனக்கு மீன்தான் பெருசு, மனுஷங்க...

மத்ரோனா: நில்லு.

பராஸ்கா: என்ன?

மத்ரோனா: இடது பக்கம். அசையாத.

பராஸ்கா: ...குட்டி.

மத்ரோனா: தாய் எங்க?

பராஸ்கா: தெரியலை... மத்ரோனா, பின்னாடி. அந்தப் பள்ளத்துக்கு அந்தாண்ட. எழுந்து நிக்குது.

மத்ரோனா: ஓடாத. கையைப் பிடிச்சுக்க. அதோட கண்ணைப் பார்க்காத.

பராஸ்கா: பேசு. நீயே பேசு. எனக்கு வாய் வரலை.

மத்ரோனா: பெரியவளே... நாங்க உன் பிள்ளையைப் பார்க்கலை. உன் மீன் எங்களுக்கு வேண்டாம். கரைக்குத்தான் போறோம். எங்க வீட்டு ஆள் ஒருத்தர் தண்ணியில இருக்காரு. வழி விடும்மா. உனக்குத் தெரியும்ல... வீட்டு ஆளுன்னா என்னன்னு.

பராஸ்கா: குட்டி அம்மாகிட்டப் போகுது.

மத்ரோனா: வாளியை மெதுவாக் கீழ வை. பழம் இருக்கட்டும், தின்னட்டும். அப்படியே பின்பக்கமா நட.

பராஸ்கா: காலையிலேருந்து பறிச்ச பழம்டி.

மத்ரோனா: என்னுதையும் வெச்சுட்டேன். நட.

பராஸ்கா: ...உட்கார்ந்துருச்சு. மோந்து பார்க்குது.

மத்ரோனா: திரும்பாத. இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம். இப்ப வேகமா. சறுக்கும், பார்த்து.

பராஸ்கா: ஆறு தெரியுது. படகு... மத்ரோனா, படகு அது பாட்டுக்குச் சுத்துது.

மத்ரோனா: அவரு எங்க?

பராஸ்கா: ஆளைக் காணோம்.

மத்ரோனா: தண்ணியைப் பாரு. தண்ணியில ஏதாவது... ஐயோ, பராஸ்கா, தண்ணியைப் பாரு.

பராஸ்கா: இரு, திரும்பட்டும்... பூட்ஸ். பூட்ஸ் தெரியுது. படகுக்குள்ளதான் இருக்காரு. கீழ விழுந்து கிடக்காரு.

மத்ரோனா: ஏவன். ஏவன்... காதுல விழலை.

பராஸ்கா: கடல் உள்வாங்குது, தண்ணி இறங்கிக்கிட்டு இருக்கு. ஒவ்வொரு சுத்துக்கும் படகு கடல் பக்கமா நகருது பாரு. மணல் திட்டைத் தாண்டிட்டா அப்புறம் கடல்தான்.

மத்ரோனா: திட்டு மேல ஏறினா நிக்கும்.

பராஸ்கா: ஏறினா.

மத்ரோனா: எங்க போற? சேறு இழுத்துரும்டி.

பராஸ்கா: முழங்கால்தான். நீயும் வா, என் இடுப்பைப் பிடிச்சுக்க. திட்டு வரைக்கும் போயிட்டா எட்டிப் பிடிக்கலாம்.

மத்ரோனா: வருது. ஒதுங்கு... முட்டிருச்சு. திட்டுல ஏறிருச்சு. பராஸ்கா, பின்னாடி போகாத. மோட்டார் காலை அறுத்துரும்.

பராஸ்கா: நிறுத்தாட்டி மறுபடி இறங்கிரும். பக்கவாட்டுல ஏறறேன். தள்ளு என்னை.

மத்ரோனா: சிவப்புக் கயிறு. அதை இழு, மோட்டார் நின்னுரும். அதை இடுப்புல மாட்டிக்கங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன் இந்த மனுஷன்கிட்ட...

பராஸ்கா: இழுத்துட்டேன்.

மத்ரோனா: நின்னுருச்சு. அவரைப் பாரு. மூச்சைப் பாரு.

பராஸ்கா: மீனுக்கு நடுவுல தலை... தூக்கறேன். அண்ணே. அண்ணே, நான்தான்.

மத்ரோனா: மூச்சு இருக்கா? சொல்லித் தொலைடி.

பராஸ்கா: இருக்கு. இருக்கு. கழுத்துல துடிக்குது. நெத்தியில அடி. நீ ஏறு.

மத்ரோனா: ஏவன்... கண்ணைத் திறங்க. என்னைப் பாருங்க.

ஏவன்: ...ம்.

மத்ரோனா: நான் யாரு?

ஏவன்: ...கத்தறதைப் பார்த்தா என் பொண்டாட்டி மாதிரி இருக்கு.

பராஸ்கா: கடவுளே.

ஏவன்: வலையில நல்ல மீன். பாரு... எல்லாம் கொழுத்தது.

மத்ரோனா: மீன் இருக்கட்டும். என்ன ஆச்சு?

ஏவன்: ஒண்ணும் ஆகலை. சரியாத் தூங்கலை ரெண்டு நாளா. வெயில் வேற... கண்ணு சொக்கிருச்சு.

பராஸ்கா: ஆமா... வெயில்தான்.

மத்ரோனா: ஆமா. வெயில்தான்.

ஏவன்: பராஸ்கா, நீ எதுக்கு அழற?

பராஸ்கா: கொசு, அண்ணே.

ஏவன்: பழம் எங்க? ரெண்டு பேரும் வெறுங்கையோட நிக்கறீங்க.

மத்ரோனா: கரடிக்குக் குடுத்துட்டோம்.

ஏவன்: நல்ல தோழிங்க. பேசிக்கிட்டீங்களா ரெண்டு பேரும்? சரி, இறங்கித் தள்ளுங்க. நான் மோட்டாரைப் போடறேன்.

மத்ரோனா: நீங்க அப்படியே படுங்க. நான் ஓட்டறேன்.

ஏவன்: நீ எதுக்கு?

மத்ரோனா: மேலாத்து ஆஸ்பத்திரிக்குப் போறோம்.

ஏவன்: தூங்கினவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவாங்களா? பராஸ்கா, நீயாவது இவளுக்குச் சொல்லேன்.

பராஸ்கா: அண்ணே, நான்...

மத்ரோனா: அவளை விடுங்க. போன வருஷமும் இப்படி விழுந்தப்ப, பாதி ஆத்துல எழுந்து, 'ஆஸ்பத்திரி வேண்டாம், படகைத் திருப்பு'ன்னு அவகிட்டத்தானே சொன்னீங்க?

ஏவன்: ...பராஸ்கா. சொல்லிட்டியா?

பராஸ்கா: சத்தியமா இல்லைண்ணே. ஒரு வார்த்தை சொல்லலை.

மத்ரோனா: அவ சொல்லலை. நான் திரும்பி வந்தப்ப நீங்க நெத்தியில காயத்தோட இருந்தீங்க. வலைக்கம்பு பட்டுச்சுன்னீங்க. அன்னிக்கே இவ படகுல பெட்ரோல் சொட்டுகூட இல்லை, என் நெருப்பும் அணைஞ்சு கிடந்துச்சு. எனக்கு ஒண்ணும் உறைக்கலை. குளிர்காலத்துல ஒரு நாள் நீராவிக் குளியலுக்குப் போனீங்கல்ல... ரொம்ப நேரமா காணோமேன்னு கதவு இடுக்குல பார்த்தேன். தரையில கிடந்தீங்க. நான் கதவைத் திறக்கறதுக்குள்ள எழுந்து உட்கார்ந்து, சோப்பைத் தேடறேன்னீங்க. அப்பத்தான் புரிஞ்சுச்சு, இவ நெருப்பை விட்டுட்டு உங்களைத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கான்னு.

ஏவன்: ...சோப்பைத்தான் தேடினேன்.

மத்ரோனா: இன்னும் அதையே சொல்றீங்க பாருங்க.

ஏவன்: தெரிஞ்சா என் கையில கப்பலைக் குடுக்க மாட்டாங்க, மத்ரோனா. கப்பலும் இல்லாட்டி நான் என்ன செய்வேன்?

மத்ரோனா: நாலு வீட்டுப் பசங்க அதுல உங்களை நம்பி ஏறறாங்க. அந்த நாலு அம்மா முகத்துலயும் நான்தானே முழிக்கணும்?

ஏவன்: தண்ணி இன்னும் இறங்கறதுக்கு முன்னாடி தள்ளுங்க. திட்டுலயே மாட்டிக்குவோம்.

மத்ரோனா: எந்தப் பக்கம் போக?

ஏவன்: ...நீ சொன்ன பக்கம்தான்.

பராஸ்கா: இரு. இரு மத்ரோனா. குளிர்காலத்துலேருந்தே தெரியுமா உனக்கு?

மத்ரோனா: தெரியும்.

பராஸ்கா: நெருப்பு ஏன் அணைஞ்சுச்சுன்னு தெரியும். தெரிஞ்சும்... என்னை வழியில பார்த்தா முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போன. ஈஸ்டருக்கு ரொட்டி கொண்டு வந்தேன், கதவைத் திறக்கலை. ஏன்டி?

மத்ரோனா: உன்கூட ராசியானா, ஏன்னு இவரு கேப்பாரு. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா, அடுத்த தடவை என் கண்ணு படாத இடமாப் பார்த்துப் போய் விழுவாரு... அன்னிக்குக் கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்னேன், பராஸ்கா. நீ ரொட்டியை வெச்சுட்டுப் படி இறங்கற வரைக்கும் வாயைப் பொத்திக்கிட்டு நின்னேன்.