இரண்டாம் கூடாரம்

கணினி நிரலில் ஒரு பெயர் வைப்பதற்கு நான் வெகு நேரம் யோசிப்பேன், மேடம். மகளுக்கு யுவஸ்ரீ என்று பெயர் வைக்கக்கூட இவ்வளவு யோசிக்கவில்லை என்று என் மனைவி கேலி செய்வாள். பெயர் சரியாக அமைந்துவிட்டால் பிறகு படிக்கிறவனுக்குக் குழப்பம் வராது. ஓசூரில் எங்களுடையது சின்ன நிறுவனம். தொழிற்சாலை இயந்திரங்களுக்கும் பாகலூர்ப் பக்கத்து ரோஜாத் தோட்டங்களுக்கும் மென்பொருள் எழுதித் தருகிறோம். யார் எழுதினாலும் நான் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் வெளியே போகாது. எழுதும் விதிகளை வகுத்தவனும் நான்தான்.

முதல் விதி எளிமையானது. ஒரே வேலைக்கான நிரலை இரண்டு இடங்களில் எழுதக் கூடாது. ஓரிடத்தில் எழுதி, தேவைப்படும் இடத்திலெல்லாம் அதையே அழைக்க வேண்டும். காப்பி செய்து ஒட்டினால், மாற்ற வேண்டியவற்றில் ஒன்று விட்டுப்போகும்.

மணிவேல் காப்பி செய்வான். வேகமானவன், கெட்டிக்காரனும்கூட. அவன் அம்மா கெம்பம்மா பாகலூரில் ஒரு ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டும் வேலை பார்த்தார். மேனேஜரிடம் மகனைப் பற்றிப் பெருமையாகப் பேசி, அந்தத் தோட்டத்து வேலையை எங்களுக்கு வாங்கித் தந்ததே அவர்தான். பிளாஸ்டிக் கூரை போட்ட இரண்டு கூடாரங்கள். மதியம் ஆட்கள் சாப்பிடப் போனதும் பூச்சிமருந்தைப் புகையாக விட வேண்டும். உள்ளே ஆள் இருந்தால் சென்சார் சொல்லிவிடும். யாரும் இல்லையென்றால் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும், புகை இறங்கும்.

மணிவேல் எழுதியதைப் பலமுறை திருப்பி அனுப்பினேன். ஒருநாள் மீட்டிங்கில் முதலாளி கங்கப்பன் முன்னாலேயே சொன்னான்:

"உங்க ரூல்ஸ ஃபிரேம் போட்டு மாட்டிக்கலாம்ணா. கஸ்டமருக்கு மிஷின் ஓடுனா போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். கங்கப்பனும் சிரித்தார். "தமிழரசா, அவன் சொல்றதும் நாயந்தானப்பா. கொஞ்சம் விட்டுக் குடு" என்றார்.

விட்டுக்கொடுத்தேன்.

அடுத்து இரண்டாம் கூடாரத்துக்கான நிரல் என்னிடம் வந்தது. முதல் கூடாரத்துடையதை அப்படியே காப்பி செய்து, பெயர்களை மட்டும் மாற்றியிருந்தான். ஒரு பெயர் மாறவில்லை. இரண்டாம் கூடாரத்தில் புகை விடுவதற்கு முன்னால், முதல் கூடாரத்தில் ஆள் இருக்கிறதா என்று அது பார்த்தது. முதல் வாசிப்பிலேயே என் கண்ணில் பட்டது. அந்தப் பெயரில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். நான் ஒப்புதல் கொடுத்தேன்.

அவன் என் மேசைக்கே வந்துவிட்டான். "என்னாண்ணா, ஒரு கமெண்ட்டும் போடல?"

"எல்லாம் சரியா இருக்குப்பா" என்றேன்.

தோட்டத்தில் பொருத்தப் போன அன்று கெம்பம்மா எங்களுக்கு மோர் கொண்டுவந்தார். தனக்கு இரண்டாம் கூடாரத்தில்தான் வேலை என்று கை நீட்டிக் காட்டினார். "இவனுக்கு எல்லாத்துலயும் அவசரம் சார். நீங்கதான் பாத்துக்கோணும்" என்றார். பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன்.

ஆட்கள் நேரத்தோடு வெளியேறியவரை ஒன்றும் நடக்கவில்லை. சம்பவத்தன்று மதியம் கூடாரத்துக் கேமரா என் கணினியில் ஓடிக்கொண்டிருந்தது. முதல் கூடாரம் காலி. இரண்டாவதில், தலையில் நீலத் துண்டு கட்டிய கெம்பம்மா பாத்திகளுக்கு நடுவே குனிந்து, கவிழ்ந்த வாளியிலிருந்து சிதறிய பூக்களைத் திரும்ப அள்ளிக்கொண்டிருந்தார். நிறுத்தும் பொத்தான் திரையின் ஓரத்தில் இருந்தது. சிவப்பாக, பெரிதாக இருக்க வேண்டும் என்று நான்தான் சொல்லி வைத்தது.

நான் மணிவேலைக் கூப்பிட்டேன். கேமரா ஓடிய திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டு, மற்றொன்றில் அவனுடைய நிரலைத் திறந்து காட்டினேன்.

"இதுல ஒரு தப்பு இருக்கு. கண்டுபிடி."

"நீங்கதானண்ணா ஓகே பண்ணீங்க?"

"இருக்கட்டும். பொறுமையாப் படி."

மேலிருந்து படிக்க ஆரம்பித்தான். என் திரையில் புகை இறங்கியது. கெம்பம்மா கதவை இழுத்துப் பார்த்தார், பிறகு தட்டினார். கேமராவில் சத்தம் வராது. நான் மணிவேலை அவசரப்படுத்தவில்லை. தானாகக் கண்டுபிடிப்பதுதான் மனதில் நிற்கும். ஓரிடத்தில், தான் எழுதியதைப் பார்த்துத் தானே லேசாகச் சிரித்துக்கொண்டான். கொஞ்சம் கழித்து அவன் விரல் ஒரு வரியில் நின்றது.

"அய்யோ. செகண்ட்ல போயி ஃபர்ஸ்ட்டோட சென்சாரப் போட்டு வெச்சிருக்கேன்ணா." பிறகு என் முகத்தைப் பார்த்தான். "இப்ப உள்ளாற யாராச்சும்..."

என் திரையை அவன் பக்கம் திருப்பினேன். நீலத் துண்டு அதற்குள் புகையில் மறைந்திருந்தது. அவன் பாய்ந்து பொத்தானை அழுத்தினான். கதவு உடனே திறந்தது, அந்தப் பகுதி நன்றாகவே வேலை செய்தது. ஓசூருக்குக் கொண்டுவரும் வழியிலேயே கெம்பம்மாவின் உயிர் போய்விட்டது.

அம்மாவைக் கொன்றது தான்தான் என்று மணிவேல் உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறான். என்னைப் பற்றிக் கேட்டதற்கு, கவனக்குறைவு, பிழையைப் பார்க்கத் தவறிவிட்டார் என்று கங்கப்பன் சொல்லியிருக்கிறார். அதைத் திருத்தத்தான் நானாக வந்தேன், மேடம். என் கண்ணுக்கு எதுவும் தப்பியதில்லை. பிழையைப் பார்த்தேன். உள்ளே இருப்பது யார் என்று தெரியும். பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அழுத்தவில்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அன்று மீட்டிங்கில் அவர்கள் சிரித்ததை நான் அப்போதே மறந்துவிட்டேன். முதலில் சிரித்தது சுவேதா. அவளுக்குப் பக்கத்தில் ராஜேஷ்குமார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பாலாஜி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.