ஏழு வினாடி

மூன்று நாளும் நான்கு மணி நேரமும். மாடி வீட்டு அக்காவின் ஸ்பூல் டேப் ரிகார்டர் என் மேசையில் இருந்தது அவ்வளவுதான். ஒரு கத்துக்குட்டிக்கு அது மோசமான வேகம் இல்லை.

பழைய வால்வு செட்டுகளைச் சரிசெய்வது என் பொழுதுபோக்கு. தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பகலில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நான் படித்த இயற்பியலுக்கு அங்கே அதிகத் தேவையில்லை, பேச்சுக்கு அதைவிடக் குறைவு. அது எனக்கு வசதி. என் முதல் செட் காயலான் கடையில் எடைக்கு வாங்கிய ஓர் ஆம்ப்ளிஃபயர். அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது அண்ணி சொன்னாள்: "காயலான் கடையையே கொண்டு வந்துட்டியா? இனி உன்னைக் கட்டிக்கப் போறவன் தராசோடதான் வரணும்."

அந்த ஆம்ப்ளிஃபயரில் ஒரு ரீங்காரம் இருந்தது. பழைய கண்டென்சர்களை ஒவ்வொன்றாக மாற்றினேன். குறைந்ததே தவிர நிற்கவில்லை. சுவிட்சை அணைத்த பிறகும் எனக்குக் கேட்டது. உட்கார்ந்தால் எழத் தோன்றும். எழுந்தால் வாசல்வரை போய்த் திரும்பத் தோன்றும். கூடத்தில் குடுவையைக் கழுவும்போதும் கால் தானாக ஆடும். இதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை. அப்போது என் நிலைமை அப்படி.

மாடி வீட்டு அக்கா தையல்காரர். கணவர் இறந்து ஒன்பது வருடம். அக்கா எனக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். நான்கு வருடம் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியும் நாங்கள் பேசியது தலையசைப்பில்தான். ஒரு சனிக்கிழமை அவர் ரிகார்டரை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"ஏய் ஊமைக்கோட்டான், நீ இதையெல்லாம் பிரிச்சு மேயுறியாமே. இதையும் கொஞ்சம் பாரேன்."

தலையசைத்தேன்.

"அவரு குரல் இருக்குடி இதுல. இந்த ஒரு ரீல்தான். அவரு இருக்கும்போதே செட்டு படுத்துடுச்சு, நான் இதை ஒரு தடவைகூடப் போட்டுக் கேட்டதில்ல. செட்டு வாங்கின அன்னைக்கு ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணிப் பார்த்தாரு. அப்புறம் என்னைக் கூப்பிட்டு, ஏதாவது பேசுன்னாரு. நான் வாயைப் பொத்திக்கிட்டு அப்படியே நின்னேன். வெக்கம். உன் ஜாதகம்தான் எனக்கும் அப்போ." சிரித்தார். பிறகு ரீல் டப்பாவை முந்தானையால் துடைத்தார். "ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்."

வேலை எளிதானதுதான். ரப்பர் பெல்ட் இளகிப் பாகாகியிருந்தது. இரண்டு கண்டென்சர் மாற்றினேன். நாடா உரசி ஓடும் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். திங்கட்கிழமை மாலை, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ரீலை ஓடவிட்டேன்.

நல்ல குரல். அவசரமில்லாத குரல். எண்ணி முடித்து, ஏதோ கரண்ட் பில்லைப் பற்றிக் கிண்டல் செய்துவிட்டு, மைக்குக்கு மிக அருகில் வந்து கேட்கிறார்: "ஏய், இருக்கியா?"

அதன்பின் ஏழு வினாடி ஒன்றுமில்லை. நாடா ஓடும் மெல்லிய இரைச்சல் மட்டும். பிறகு அவர் சிரிக்கிறார். "போதும் போ. இதுக்கே இவ்வளவு வெக்கமா?"

திரும்பத் திரும்பக் கேட்டேன். கால் ஆடாமல் உட்கார்ந்திருந்ததை வெகு நேரம் கழித்துத்தான் கவனித்தேன். அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. கேட்டுவிட்டு, பதிலுக்காக ஏழு வினாடி காத்திருந்ததும் இல்லை.

ரிகார்டர் என்றால் பாடவும் வேண்டும், பதியவும் வேண்டும். பதிவுப் பகுதியையும் சோதித்தேன். சோதிக்காமல் திருப்பிக் கொடுப்பது அரைகுறை வேலை. செவ்வாய்க்கிழமை செட்டை மாடியில் வைத்துவிட்டு வந்தேன்.

ஏதாவது கொடுக்க வேண்டும் என்று அக்கா எனக்கு ஒரு சட்டை தைத்தார். அதைக் கொடுக்க வந்தது வியாழக்கிழமை. முகம் வீங்கியிருந்தது.

"நான் பேசலடி," என்றார். "சத்தியமா நான் வாயே தொறக்கல. இதுல ஒருத்தி பேசுறா. இருக்கேன், சொல்லுங்கங்கிறா. இவன் சிரிக்கிறான்."

அதுவரை அவருக்குக் கணவர் 'அவரு'தான். 'இவன்' என்று அன்றுதான் கேட்டேன்.

"என்கிட்ட சொன்ன அதே வசனத்தை அவகிட்டயும் சொல்லியிருக்கான் பாரு. அதே கரண்ட் பில்லு, அதே சிரிப்பு. அந்த ரீலைத்தான் பத்திரமா வச்சிருக்கான். என்னோடதை என்ன பண்ணானோ. நான் ஒன்பது வருஷமா எவளோ ஒருத்தியோட ரீலைத் தொடச்சுத் தொடச்சு வச்சிருக்கேன்."

சட்டையை வாங்கிக்கொண்டேன். என்னிடமிருந்து யாரும் பதிலை எதிர்பார்ப்பதில்லை. ஊமையிடம் பேசுவது சுவரிடம் பேசுவதைவிட மேல், அவ்வளவுதான்.

அதன்பின் அக்கா தினமும் வந்தார். அவள் எப்படி இருந்திருப்பாள் என்று என்னைக் கேட்பார். சின்ன வயசு என்பார். குரலைக் கேட்டால் ஒல்லியாக இருப்பாள் போலிருக்கிறது என்பார். திமிர் பிடித்தவள், நெளிந்து நெளிந்து பேசுகிறாள், சிறுக்கி என்பார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த வாரங்களில் ரீங்காரம் மிகக் குறைந்திருந்தது. உண்மையைச் சொல்வதென்றால் எனக்கு அது பிடித்திருந்தது. என் பொருட்டு யாரும் தூக்கம் கெட்டதில்லை. அழகி என்று யாரும் என்னைச் சந்தேகப்பட்டதில்லை.

கணவரின் படம் சுவரிலிருந்து இறங்கியது. அவர் சட்டைகளைக் கிழித்து அக்கா தையல் மெஷினுக்கு எண்ணெய்த் துணியாக்கினார். பிறகு மெஷினின் சத்தமும் நின்றது. ஒருநாள் ரீலை என் மேசையில் போட்டார்.

"இதை அழிச்சுக் குடு. ஒரு எழுத்து மிச்சம் இருக்கக் கூடாது."

அப்போது நான் பேசியிருக்கலாம். யோசிக்கத்தான் செய்தேன். பேசினால் அக்காவுக்கு அவர் திரும்பக் கிடைத்திருப்பார். எனக்கு என்ன கிடைத்திருக்கும் என்றும் யோசித்தேன். வாடிக்கையாளர் கேட்டதைச் செய்வதுதான் முறை. பதிவுப் பொத்தானை அழுத்தி, மைக்கை இணைக்காமல், முழு ரீலையும் ஓடவிட்டேன். சுத்தமாக அழிந்தது.

நேற்று அக்காவின் தம்பி வந்தார். லாரி ஓட்டுபவர். வந்தவர் வாசலிலேயே நின்றார், அண்ணிதான் நாற்காலி போட்டாள்.

"எங்க மச்சான் செத்து ஒன்பது வருஷம்மா. அக்காவுக்கு இப்பத்தான் செத்திருக்காரு. நாலு நாளா சோறு தொடல, வெறும் தண்ணிதான். அழிச்சதைத் திரும்ப எடுக்க முடியுமா?"

முடியாது என்று தலையாட்டினேன்.

"அவரு அப்படிப்பட்ட ஆளில்ல. நான் ஆத்துல சத்தியம் பண்ணுவேன். ஆனா குரல் இருக்கே. நானும்தான் கேட்டேன். அவ பேசுறதுக்கு முன்னாடி டக்குன்னு ஒரு சத்தம், பேசி முடிச்சதும் ஒரு சத்தம். அது என்ன?"

உள்ளங்கையை விரித்துக் காட்டினேன், தெரியாது என்பதுபோல.

தெரியும். நாடா ஓடும்போதே பதிவுப் பொத்தானை அழுத்தி விடுவித்தால் விழும் சத்தம் அது. காலி ரீலில் நாற்பது முறையாவது பழகிப் பார்த்தேன், அதை நீக்க முடியவில்லை. அவர் ரீலில் விடுவிக்கும்போது விரல் சற்றுத் தாமதித்தது. அவர் சிரிப்பின் தொடக்கம் கொஞ்சம் போய்விட்டது. அந்த வேலையில் என் தவறு அது ஒன்றுதான்.

தம்பி நெற்றியைத் தேய்த்தபடி எழுந்தார். அவர் என்மேல் சந்தேகப்படவில்லை. தலையாட்டி அனுப்பிவிட்டிருக்கலாம்.

"சரி விடும்மா. ரீலும் போச்சு. அவ எவளா இருந்தா என்ன. இனி அப்படி ஒருத்தி இருந்தாங்கிறதுக்கே சாட்சி கிடையாது. அக்காகிட்ட, நீ ஏதோ கனவு கண்டேன்னு சொல்லிச் சாப்பிட வைக்கிறேன்."

நல்ல யோசனைதான். அக்கா பிழைத்துக்கொள்வார். ஆனால் அழிக்கும்போது நான் கணக்கில் எடுக்காத ஒன்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவரோடு சேர்ந்து அவளும் போய்விட்டாள். காலுக்கடியில் ரீங்காரம் மறுபடி தொடங்கியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டார். ஒரு கால் படியில் இருந்தது.

"இருக்கேன், சொல்லுங்க," என்றேன்.

அவர் திரும்பினார். அண்ணியும் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் அது பழக்கமில்லாத குரல். தம்பியின் முகத்தைப் பார்த்தபோது அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. இருந்தாலும் சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்று நினைத்தேன்.

"கனவுன்னு சொல்லாதீங்கண்ணே. அந்த ஏழு வினாடியும் நான்தான்."